அன்பவுண்ட் 200: சக்கிமுக்கிக் கல் சாலையில் 322 கி.மீ. ஓட்டி முடிப்பது எப்படி

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் எம்போரியா என்று ஓர் ஊர். மக்கள்தொகை சுமார் 24,000. மே மாதக் கடைசி அல்லது ஜூன் தொடக்கத்துச் சனிக்கிழமை ஒன்றில் அங்கே சைக்கிள்காரர்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிவார்கள். 2006-இல் 34 பேரோடு ‘டர்ட்டி கான்சா’ என்ற பெயரில் தொடங்கிய போட்டி அது. 2020-இல் பெயரை மாற்றி ‘அன்பவுண்ட் கிராவல்’ ஆக்கினார்கள். 25, 50, 100, 200 மைல் என்று பல தூரங்கள் உண்டு. 350 மைலுக்கு எக்ஸ்எல் என்று தனிப் பிரிவும் இருக்கிறது. பெயர் வாங்கித் தந்தது 200 மைல்தான். அதாவது 322 கி.மீ., பெரும்பகுதி சரளைச் சாலை, மொத்த ஏற்றம் 3,000 மீட்டருக்கு மேல்.

இந்தக் குறிப்பு 15 மணி முதல் 20 மணி நேரத்துக்குள் முடிக்க நினைப்பவர்களுக்கானது. 2024-இல் வென்ற லாக்லன் மார்ட்டன் 9 மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டார். மாலை வெயில் தணிவதற்கு முன்பே ஊர் திரும்பிவிட்டார். நீங்கள் அந்த நேரத்தில் பாதி வழி தாண்டியிருந்தால் நல்லது. அதனால் முன்னணி வீரர்கள் என்ன பூட்டினார்கள், என்ன தின்றார்கள் என்று பார்த்து அப்படியே செய்யாதீர்கள். அவர்கள் இருட்டில் ஓட்டுவதில்லை, இரண்டாவது வேளைப் பசியைப் பார்ப்பதில்லை.

முதலில் கணக்கு

பொதுப் பிரிவினருக்குக் காலை 6.30-ஐ ஒட்டித் தொடக்கம், மறுநாள் அதிகாலை 3 மணிக்கு முடிவு என்று வைத்துக்கொண்டால் கையில் இருப்பது 20½ மணி நேரம். நின்ற நேரத்தையும் சேர்த்து மணிக்கு 15.7 கி.மீ. போனால் போதும். கேட்க எளிதாக இருக்கும். சரளையில் பழகிய எவரும் மணிக்கு 20 கி.மீ. மிதிப்பார், 16 மணி 6 நிமிடத்தில் தூரம் தீர்ந்துவிடும், 4 மணி நேரம் மிச்சம்.

அந்த 4 மணி நேரம் எங்கே போகிறது என்பதில்தான் முடிப்பவரும் முடிக்காதவரும் பிரிகிறார்கள். மூன்று பஞ்சருக்கு ஒன்றுக்கு 25 நிமிடம். இரண்டு சோதனைச் சாவடியில் தலா 40 நிமிடம். சேற்றில் ஒரு மணி. வயிறு அடைத்து மரநிழல் தேடி உட்கார்ந்தது அரை மணி. சேர்ந்தால் 4 மணி 5 நிமிடம். காலில் வலு குறையாமலே நேரம் தீர்ந்தது. எனவே எந்தச் சாமானை வாங்கும்போதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இது என்னை எத்தனை நிமிடம் நிற்காமல் காக்கும்?

சூரியன் மறைவதற்குள் முடிப்பவர்களைத் தனியாகக் கொண்டாடும் வழக்கம் இந்தப் போட்டியில் உண்டு. எம்போரியாவில் அந்தப் பருவத்தில் இரவு 8.50 வாக்கில்தான் சூரியன் மறையும். அதை எட்ட நின்ற நேரமும் சேர்த்து மணிக்கு 22.5 கி.மீ. வேண்டும். அதற்கு இரண்டு சாவடியிலும் சேர்த்து 20 நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது. போட்டி நடக்கும் ஆண்டுக்கான கையேட்டில் உள்ள தொடக்க நேரத்தையும் சாவடி மூடும் நேரத்தையும் எடுத்து இதே கணக்கைத் தாளில் போட்டு ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொள்ளுங்கள். 12 மணி நேரம் மிதித்த பிறகு மனக்கணக்கு வராது.

சாலையில் கிடக்கும் கல்

ஊரைச் சுற்றியுள்ள குன்றுகளுக்கு ஃப்ளின்ட் ஹில்ஸ் என்று பெயர். ஃப்ளின்ட் என்றால் நம் சக்கிமுக்கிக் கல். சுண்ணாம்புப் பாறை அடுக்குகளுக்கு நடுவே இந்தக் கல் பட்டை பட்டையாக ஊடுருவிக் கிடக்கிறது. சுண்ணாம்பு மழையில் கரையும், சக்கிமுக்கி கரையாது. அதனால் மேற்பரப்பெல்லாம் அதுவே மிஞ்சியிருக்கிறது. ஏர் பூட்ட முடியாத நிலம் என்பதால்தான் வட அமெரிக்காவின் உயரப்புல் சமவெளியில் எஞ்சிய சிறு பங்கு பெரும்பாலும் இங்கே பிழைத்தது. உழவு இல்லை, மாடு மேய்ச்சல்தான்.

உடைந்த சக்கிமுக்கிக் கல் எப்படி இருக்கும்? ஆதிமனிதன் அம்பு முனையும் கத்தியும் செய்தது இதில்தான். ஓரம் கண்ணாடிச் சில் போல இருக்கும். முள் குத்தினால் டயரில் புள்ளி விழும், டியூப் இல்லாத (டியூப்லெஸ்) டயருக்குள் ஊற்றும் சீலன்ட் என்ற திரவம் அதை அடைத்துவிடும். இந்தக் கல் 5 முதல் 8 மில்லிமீட்டர் நீளத்துக்குக் கீறிவிடும். அதுவும் நடுப்பகுதியில் இல்லாமல் பிடிப்புக்கான ரப்பர் பட்டன்கள் முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் மெல்லிய இடத்தில். இந்தப் போட்டிக்கு டயர் தேர்வது என்றால் அந்த ஓரத்தைப் பார்த்துத் தேர்வதுதான்.

டயர், சீலன்ட், காற்று

அகலம் 45 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். ஃபிரேம் இடம் கொடுத்தால் 50. அண்மை ஆண்டுகளில் 2.1, 2.2 அங்குல மலைச் சைக்கிள் டயரைப் பூட்டி ஓட்டுபவர்கள் பெருகிவிட்டார்கள், முன்னணியிலேயே பலர். ஆனால் பூட்டிய பின் டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே இரு பக்கமும் 6 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குக் குறைந்தால் சேற்றோடு வரும் சிறுகல் ஃபிரேமை உப்புத்தாள் போலத் தேய்க்கும். கார்பன் ஃபிரேமில் பெயின்ட் போய் நார் தெரியும். சங்கிலிப் பக்கக் குழாயின் உள்புறம் தடித்த ஒட்டுப் படலம் ஒட்டுவது பத்து நிமிட வேலை.

ஒரே மாடலில் இரண்டு மூன்று தடிமன் விற்றால், பக்கச்சுவர் வலுப்படுத்தியதையே எடுங்கள். ஒரு டயருக்கு 60 முதல் 100 கிராம் கூடும். அந்த எடையால் 322 கி.மீ. தூரத்தில் இழப்பது சில நிமிடம். ஒரு கிழிசலில் இழப்பது அரை மணி. புது டயரைப் போட்டிக்கு இரண்டு வாரம் முன் பூட்டி 150, 200 கி.மீ. ஓட்டிவிடுங்கள். பெட்டியிலிருந்து எடுத்து முந்தைய நாள் பூட்டினால் ரிம்மில் சரியாக உட்கார்ந்ததா, இரவில் எவ்வளவு காற்று இறங்குகிறது என்பது தெரியாமலே புறப்படுவீர்கள்.

சீலன்ட் 45 மி.மீ. டயருக்கு 80 மில்லி, 2.2 அங்குலத்துக்கு 120 மில்லி. புட்டியில் எழுதியிருக்கும் அளவு பொதுவான சாலைக்கு. இங்கே கொஞ்சம் தாராளமாக ஊற்றுங்கள். வெயில் காலத்தில் இரண்டு மூன்று மாதத்தில் அது உலர்ந்து ரப்பர் உருண்டையாகிவிடும். ‘போன தடவைதான் ஊற்றினேன்’ என்ற நினைப்பு வேண்டாம். சக்கரத்தைக் காதருகே வைத்து ஆட்டுங்கள், திரவம் சளசளக்க வேண்டும்.

காற்று அழுத்தம்: 70 கிலோ ஆள், 45 மி.மீ. டயர் என்றால் முன்னே 27, பின்னே 30 பிஎஸ்ஐ-இல் தொடங்குங்கள். 85 கிலோ என்றால் 3, 4 கூட்டுங்கள். 2.2 அங்குல டயருக்கு 20 முதல் 23. கல்லில் ஏறும்போது ரிம் ‘டங்’ என்று இடிக்கும் சத்தம் ஒரு மணி நேரத்தில் இரண்டு தடவை கேட்டால் 2 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். ‘கல் அதிகம், அதனால் 45 அடிக்கிறேன்’ என்று கல்லுப்போல் அடிப்பவர்கள்தான் முதலில் கிழித்துக்கொள்கிறார்கள். மெத்தென்று இருக்கும் டயர் கல்லை விழுங்கிப் போகும். விறைத்த டயரில் கல் வெட்டி இறங்கும். இன்னொன்று: காலை 18 டிகிரியில் அடித்த 30, பிற்பகல் 35 டிகிரியில் தானாக 32½ ஆகிவிடும். காலையில் அதைக் கணக்கில் வைத்து அடியுங்கள். பம்பில் இருக்கும் முள்ளை நம்பாமல் தனி டிஜிட்டல் மானியில் பார்ப்பது நல்லது. இரண்டுக்கும் 4 பிஎஸ்ஐ வித்தியாசம் வருவது சாதாரணம்.

டயர் கிழிந்தால்

‘ஸ்ஸ்ஸ்’ என்று சத்தம், பின்தொடையில் வெள்ளைத் துளி தெறிக்கும். உடனே நில்லுங்கள், ஆனால் பாதையை விட்டு வலப்புற ஓரத்துக்கு வந்து நில்லுங்கள். ஓட்டையைக் கண்டுபிடித்து அதைக் கீழ்ப்பக்கம் திருப்பி, சைக்கிளை அந்தப் பக்கம் சாய்த்து, பதினைந்து எண்ணுங்கள். சீலன்ட் அடைத்துக்கொண்டால் காற்றைக் கூட்டாமல் ஒரு கி.மீ. மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டுத் தேவையானால் ஏற்றுங்கள்.

அடைக்கவில்லை என்றால் காற்று முழுவதும் போவதற்குள் பிளக், அதாவது ஓட்டையில் ஊசியால் செருகும் ரப்பர் திரி, குத்த வேண்டும். டயர் தளர்ந்துவிட்டால் ஊசி உள்ளே போகாது. அதனால் பிளக் கருவி சீட்டுப் பையின் அடியில் இருக்கக் கூடாது. கையெட்டும் இடத்தில், ஹேண்டில்பார் முனைக்குள்ளோ சட்டைப் பையிலோ, பிளக் ஏற்கெனவே கோத்த நிலையில் இருக்க வேண்டும். நேராகக் குத்தி, பிளக்கின் வால் வெளியே ஒரு சென்டிமீட்டர் நிற்கும்படி கருவியை மட்டும் உருவுங்கள். வாலை வெட்ட வேண்டாம், ஓடும்போதே தேய்ந்துவிடும். 6 மி.மீ. கீறலுக்கு ஒன்று போதாது, பக்கத்திலேயே இரண்டாவதைச் செருகுங்கள்.

பிறகு காற்று. 45 மி.மீ. டயருக்கு 16 கிராம் கார்பன் டையாக்சைடு குப்பி ஒன்று ஒருவாறு போதும். அதற்கு மேல் அகலம் என்றால் 25 கிராம். சில லேட்டக்ஸ் சீலன்ட்களை அந்தக் குளிர்ந்த வாயு கட்டியாக்கிவிடும். அதனால் வால்வை மேலே, அதாவது கடிகாரத்தின் 12 மணித் திசையில் வைத்து அடியுங்கள், திரவம் கீழே தேங்கியிருக்கும். இரண்டு குப்பியோடு கைப் பம்பும் கட்டாயம். குப்பி தீரும், பம்ப் தீராது. விமானத்தில் வருபவர்கள் குப்பியை ஊரிலிருந்து கொண்டுவர நினைக்காமல் எம்போரியாவில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கீறல் பக்கச்சுவரில் என்றால் பிளக் நிற்காது, நேரே டியூபுக்குப் போய்விடுங்கள். இங்கேதான் ஆட்கள் மாட்டுகிறார்கள். டியூப்லெஸ் வால்வின் அடிநட்டு சீலன்ட் காய்ந்து கல்லாக இறுகியிருக்கும், கையால் திறக்க முடியாது. வீட்டிலேயே கழற்றி, சுத்தம் செய்து, விரலால் மட்டும் இறுக்கி வையுங்கள். டியூபை நுழைக்கும் முன் டயரின் உள்புறம் முழுக்கத் துணியால் தடவிப் பாருங்கள். பழைய பிளக்கின் உள்முனை, முன்பு குத்தி அடைபட்ட முள், கல் சில்லு எதுவும் இருக்கக் கூடாது. சில வகைப் பிளக்கில் பித்தளை முனை உண்டு. அதன் மேல் டியூபை வைத்தால் அரை மணி நேரத்தில் இரண்டாவது பஞ்சர். கிழிசலுக்கு உள்ளே பழைய சாலை டயரிலிருந்து வெட்டிய 4 × 6 சென்டிமீட்டர் துண்டை வையுங்கள். ஓரத்தைச் சரிவாகச் சீவியிருக்க வேண்டும். காகித நோட்டு, உணவுப் பொட்டலத் தாள் எல்லாம் சாலையில் சமாளிக்கலாம். இந்தக் கல்லில் நீண்ட நேரம் தாங்காது.

இரண்டு டியூப், ஆறு பிளக், இரண்டு டயர்த் துண்டு. இதற்குக் குறைத்துக்கொண்டு போய் எடையை மிச்சம் பிடித்தேன் என்று யாரும் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை.

சேறு

மழை இல்லாத ஆண்டில் இந்தப் பத்தி உங்களுக்குத் தேவைப்படாது. 2015-லும் 2023-லும் வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பாதையில் சில துண்டுகள் மாவட்ட நிர்வாகம் கல் கொட்டாத வெறும் மண் தடங்கள். ‘குறைந்தபட்சப் பராமரிப்புச் சாலை’ என்று பலகையே வைத்திருப்பார்கள். காய்ந்திருக்கும்போது அவைதான் வழுவழுவென்று ஓடும் நல்ல இடங்கள். இரவு மழை பெய்தால் வேர்க்கடலை வெண்ணெய் போன்ற களிமண் ஆகிவிடும். 2023-இல் புறப்பட்ட கொஞ்ச தூரத்திலேயே இந்தச் சேறு வந்து, டிரெய்லியர் (சங்கிலியைக் கியருக்குக் கியர் நகர்த்தும் கருவி) முறிந்து அன்றைய நாளே முடிந்துபோனவர்கள் ஏராளம்.

முறிவது எப்படி என்று தெரிந்தால் தவிர்க்கலாம். களிமண் டயரில் ஒட்டும், அதில் புல்லும் கல்லும் சேரும். சங்கிலி வழியாகப் பின் டிரெய்லியரின் இரு சிறு பற்சக்கரங்களுக்குள் போய் அடைக்கும். சங்கிலி நகராது. நீங்கள் மிதியை அழுத்துகிறீர்கள். போக வழியில்லாத விசை முழுக்க டிரெய்லியரை மேலே இழுத்து முறுக்கும். அதைத் தாங்கும் ஹேங்கர் என்ற சிறு அலுமினியத் துண்டு உடையும். டிரெய்லியர் சக்கரக் கம்பிகளுக்குள் போய்ச் சிக்கும். எல்லாம் ஒரே மிதியில். ஆகவே ஒரே விதி: மிதி கனத்தால் அழுத்தாதே, இறங்கு.

சேற்றுப் பகுதி கண்ணுக்குத் தெரிந்ததும், மற்றவர்கள் ஓட்டிப் பார்க்கும்போதே இறங்கிவிடுங்கள். தடத்தின் ஓரத்துப் புல்லில் சைக்கிளை உருட்டுங்கள். சக்கரம் சுற்றாமல் இழுபட ஆரம்பித்தால் தோளில் தூக்குங்கள். சேற்றில் உருட்டிக்கொண்டே போனால் சைக்கிள் 5, 6 கிலோ கூடிவிடும், பிறகு தூக்கவும் முடியாது. பெயின்ட் கலக்கும் மரக்குச்சி ஒன்றை மேல்குழாயில் டேப் போட்டு ஒட்டிக்கொண்டு வருவது இந்தப் போட்டியின் பழைய வழக்கம். அதற்கு ஈடான கருவி கிடையாது. விரலால் தோண்டினால் கையுறை நாசமாகும், அதற்குள் இருக்கும் சக்கிமுக்கிச் சில்லு விரலையும் கீறும். முதலில் ஃபோர்க், பிறகு பின் கவட்டை, கடைசியில் டிரெய்லியர் என்ற வரிசையில் சுரண்டுங்கள். செருப்பின் அடியில் மிதியோடு பூட்டும் கொக்கிக்குள் போன சேற்றையும் அதே குச்சியால் எடுங்கள்.

குடிக்கும் தண்ணீரைச் சைக்கிளுக்கு ஊற்றாதீர்கள். அடுத்த ஓடையில் பாட்டிலை முக்கி ஊற்றிக்கொள்ளலாம். அந்தப் பாட்டிலைப் பிறகு குடிக்கப் பயன்படுத்த வேண்டாம், மேலே மாடு மேய்கிறது.

உங்கள் ஃபிரேமுக்குரிய ஹேங்கர் ஒன்று, சங்கிலி இணைப்புக் கண்ணி இரண்டு, சங்கிலி கழற்றும் கருவி. இவை பையில் இருந்தால் டிரெய்லியர் பிழைத்திருக்கும் பட்சத்தில் பாதையோரத்திலேயே பூட்டிவிடலாம். ஹேங்கர் மாடலுக்கு மாடல் மாறும், அங்கே போய்த் தேடினால் கிடைக்காது.

சேறு இல்லாத ஆண்டில் தூசி. சங்கிலிக்கு மெழுகு போட்டு வாருங்கள், எண்ணெய் தூசியைக் குழைத்து அரைக்கும் பசையாக்கிவிடும். ஆனால் மெழுகு 322 கி.மீ. நிற்காது, ஓடையில் இறங்கினால் இன்னும் சீக்கிரம் போகும். ஒவ்வொரு சாவடியிலும் உலர்ந்த துணியால் துடைத்து, சொட்டு மெழுகு விட வேண்டும். கியரைப் பொறுத்தவரை ஏற்றங்கள் குட்டையானவை, ஆனால் 10, 12 சதவீதச் சரிவுகள் வரும். முன்னே 40 பல் என்றால் பின்னே பெரிய பல்சக்கரம் 44-க்குக் குறையாமல் இருக்கட்டும். 250-ஆவது கி.மீட்டரில் உங்கள் கால் அதைக் கேட்கும்.

தண்ணீரும் தீனியும்

நிழல் இல்லாத நாடு. ஓடைக்கரையில் மட்டும்தான் மரம். காற்று பெரும்பாலும் தெற்கிலிருந்து அடிக்கும், வியர்வை தோலில் நிற்காமல் காய்ந்துவிடுவதால் எவ்வளவு போகிறது என்பதே தெரியாது. மணிக்கு 700 மில்லி குடிக்கத் திட்டமிடுங்கள், நண்பகல் முதல் மாலை 5 வரை ஒரு லிட்டர் வரை போகலாம். நீர் கிடைக்கும் இரு இடங்களுக்கு நடுவே நாலு மணி நேரம் ஆகலாம் என்று வைத்தால் கையில் 3 லிட்டருக்கு மேல் வேண்டும்: ஃபிரேமில் இரண்டு பெரிய பாட்டில், முதுகில் 2 லிட்டர் பை. பாட்டில் மட்டும் வைத்துச் சமாளிக்கலாம் என்பவர்கள் வேகமானவர்கள். பையின் உறிஞ்சு குழாயால் இன்னொரு நன்மை, குலுக்கும் சாலையில் ஒரு கையை எடுத்துப் பாட்டில் தேட வேண்டியதில்லை.

வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே போனால் உடலில் உப்பு நீர்த்துப்போகும். மோதிரம் இறுகும், வயிற்றில் தண்ணீர் குலுங்கும், தலை வலிக்கும். அப்போது மேலும் தண்ணீர் குடிப்பது ஆபத்து, மருத்துவ உதவியாளரிடம் காட்ட வேண்டும். லிட்டருக்கு 500 முதல் 800 மில்லிகிராம் சோடியம் இருக்கட்டும். கால் தேக்கரண்டி சமையல் உப்பில் ஏறக்குறைய 590 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. 60 கிராம் சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, ஒரு எலுமிச்சை, ஒரு லிட்டர் நீர்: கடைப் பொடிக்கு இது ஒன்றும் சளைத்ததல்ல.

மாவுச்சத்து மணிக்கு 60 கிராம் என்பது குறைந்த அளவு. பழகிய வயிறு 90 தாங்கும். 16 மணி நேரத்துக்கு 60 என்றாலே 960 கிராம், கிட்டத்தட்ட ஒரு கிலோ. அதை முழுக்க ஜெல்லாக (பொட்டலத்தில் வரும் இனிப்புக் கூழாக) விழுங்க முடியாது. எட்டாவது மணி நேரத்தில் இனிப்பு என்றாலே குமட்டும். இரண்டாவது சாவடிக்கு உப்புக் காரமாக ஏதாவது அனுப்பி வையுங்கள்: உப்புப் போட்டு அவித்த சிறு உருளைக்கிழங்கு, ஊறுகாய், உருளை வறுவல். டல்லஸிலிருந்தோ சிகாகோவிலிருந்தோ காரில் வருபவர்களுக்குப் புளியோதரையைவிட நல்ல யோசனை இல்லை. வழிப்பயணத்துக்கென்றே ஆன சோறு அது, நாள் முழுக்கக் கெடாது. புளியும் உப்பும் எண்ணெயும் அந்த நேரத்தில் நாக்கு தேடுவது. நிலக்கடலையை மட்டும் குறையுங்கள், மெல்லும் பொறுமை இருக்காது. தயிர்சாதம் அந்த வெயிலில் வேண்டவே வேண்டாம்.

15 நிமிடத்துக்கு ஒரு தடவை ஒலிக்கும்படி கடிகாரத்தை வைத்து, ஒலிக்கும்போதெல்லாம் ஒரு வாய். பசி எடுத்த பிறகு சாப்பிடுவதென்றால் ஒரு மணி நேரம் பிந்திவிட்டது என்று பொருள்.

சாவடியில் எட்டு நிமிடம்

உங்கள் உதவியாளர் சாவடியில் மட்டும்தான் உதவலாம். பாதையில் வேறெங்கும் வந்து பாட்டில் நீட்டினால் தகுதி போய்விடும். ஆள் இல்லாதவர்களுக்குக் கட்டணத்துக்கு உதவிக்குழு கிடைக்கும்.

சாவடிக்குப் பத்து கி.மீ. முன்பே என்னென்ன வேண்டும் என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வந்து இறங்கியதும் சைக்கிளை ஒப்படையுங்கள். அவர் சங்கிலி துடைத்து மெழுகு விடுவார், டயரைச் சுற்றிப் பார்த்து ஒட்டியிருக்கும் கல் சில்லை எடுப்பார், பாட்டில் மாற்றுவார். அந்த நேரத்தில் நீங்கள் முதுகுப் பையை நிரப்பிய பையோடு மாற்றி, வெயில் களிம்பு தடவி, தொடையிடுக்குக் களிம்பு மறுபடி போட்டு, நின்றபடியே சாப்பிடுங்கள். நாற்காலியை அவரிடம் முன்பே ஒளித்து வைக்கச் சொல்லிவிடுங்கள். பழைய நைலான் காலுறைக்குள் ஐஸ் போட்டு முடிந்து கழுத்துக்குப் பின்னால், சட்டைக்குள் செருகிக்கொண்டால் முக்கால் மணி நேரம் முதுகில் குளிர்ந்த நீர் வடியும். மாலையில் இதைவிட இன்பம் எதிலும் இல்லை.

இரண்டாவது சாவடிக்கு அனுப்பும் பெட்டியில் விளக்கு இருக்கட்டும். முன்விளக்கு 600 லூமன் அளவில் நாலு மணி நேரம் எரிய வேண்டும். சரளையில் குழியும் கல்லும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும், மங்கல் விளக்கு போதாது. பின்விளக்கைத் தொடக்கத்திலேயே பூட்டிவிடுங்கள்.

ஓட்டும் முறை

முதல் 50 கி.மீ. கூட்டமாக, புழுதி மறைக்க, மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகும். அந்தக் கூட்டத்தில் முன் சக்கரத்துக்கு முன்னால் கிடக்கும் கல்லைப் பார்க்க முடியாது. கிழிசலில் பாதி இங்கேதான். நாலைந்து மீட்டர் இடைவெளி விட்டு, பக்கவாட்டில் தள்ளி, வழி தெரியும் இடத்தில் ஓட்டுங்கள். மிதிக்கும் வலுவை வாட்டில் காட்டும் பவர் மீட்டர் இருந்தால், ஒரு மணி நேரம் தாங்கும் உச்ச வாட்டில் 60 முதல் 65 சதவீதம். இல்லையென்றால் முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவு.

சாலையில் வண்டிச் சக்கரம் அழுத்திய இரண்டு மூன்று தடங்கள் இருக்கும், நடுவில் தளர்ந்த சரளை வரம்பு. இறக்கத்தில் விழுவது பெரும்பாலும் ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு வரம்பைக் குறுக்காகத் தாண்டும்போது. மாறியே ஆக வேண்டுமென்றால் வேகத்தை முன்பே குறைத்து, ஹேண்டில்பாரைத் தளர்வாகப் பிடித்து, எடையைப் பின்னால் தள்ளித் தாண்டுங்கள். மேட்டு உச்சியில் எப்போதும் வலப்பக்கம். சாலை மூடப்படவில்லை, எதிரே பிக்கப் வண்டி வரும்.

மேய்ச்சல் நிலத்து எல்லையில் குறுக்கே இரும்புக் குழாய்கள் பதித்திருப்பார்கள், மாடு தாண்டாமலிருக்க. அதை நேராக, பிரேக் தொடாமல், மிதிக்காமல் கடந்துவிடுங்கள். ஓடை கடக்கும் சிமென்ட் தளத்தில் பாசி இருக்கும். அங்கேயும் அதே விதி.

தெற்குக் காற்றை எதிர்த்து ஓட்டும் நீண்ட பகுதி எந்தக் கி.மீட்டரில் வருகிறது என்று பாதை வரைபடத்தில் முன்பே குறித்துக்கொண்டு, அதற்குள் ஒரு சிறு குழுவோடு சேர்ந்துவிடுங்கள். ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் முன்னே இழுத்தால் போதும். இடியோடு மழை வந்தால் மேட்டு உச்சியில் நிற்காதீர்கள். கம்பிவேலியிலிருந்தும் தனி மரத்திலிருந்தும் விலகுங்கள். பண்ணை வீடோ வண்டியோ கண்ணில் பட்டால் தயங்காமல் கேளுங்கள்.

ஜிபிஎஸ் கருவி பழையது என்றால் திரை வெளிச்சத்தைக் குறைத்தாலும் 17 மணி நேரம் தாங்காமல் போகலாம். 5,000 எம்ஏஎச் பவர்பேங்கும் குட்டைக் கேபிளும் மேல்குழாய்ப் பையில் இருக்கட்டும். சார்ஜ் ஏறும்போது வழிகாட்டல் நிற்காமல் ஓடுகிறதா என்று பயிற்சியிலேயே பாருங்கள். மழை பெய்தால் பாதை மாறலாம் என்பதால் முந்தைய இரவு அமைப்பாளரின் மின்னஞ்சலைப் பார்த்துப் புதிய கோப்பு வந்திருந்தால் இறக்கிக்கொள்ளுங்கள். திருப்பத்தில் முன்னே போகும் கூட்டத்தைப் பின்பற்றாதீர்கள். தப்பான வழியில் போவதும் கூட்டமாகவேதான் நடக்கும்.

பயிற்சியும் பயணமும், சுருக்கமாக

இடம் குலுக்கலில் கிடைக்கும், பதிவு பல மாதம் முன்பே. பெயர் வந்ததும் முதல் வேலை அறை பிடிப்பது. ஊரில் ஓட்டல்கள் கொஞ்சம். எம்போரியா மாநிலப் பல்கலைக்கழக விடுதி அறைகளைப் போட்டி வாரத்தில் வாடகைக்கு விடுவார்கள், அதுவும் இல்லையென்றால் பக்கத்து நகரமான டொபீகா. விமானம் கான்சஸ் சிட்டிக்கு அல்லது விச்சிட்டாவுக்கு; இரண்டிலிருந்தும் காரில் இரண்டு மணி நேரத்துக்குள்.

16 முதல் 20 வாரப் பயிற்சி. 322 கி.மீட்டரை ஒரே நாளில் ஒத்திகை பார்க்கத் தேவையில்லை. சனி 160, ஞாயிறு 100 என்று மூன்று நான்கு வாரக்கடைசிகள் ஓட்டினால் காலுக்குப் போதும். காலைவிட முன்னே கைவிடுவது உள்ளங்கையும் கழுத்தும். அதற்கு சமதளத் தார்ச்சாலை பயனில்லை. ஏரிக்கரையோ செம்மண் தடமோ ஜல்லி பெயர்ந்த பஞ்சாயத்துச் சாலையோ, குலுக்குகிற எதுவானாலும் சரி. விரல் மரத்தால் ஹேண்டில்பாரில் இரண்டு சுற்று டேப் போடுங்கள். குளிர்நாட்டிலிருந்து போகிறவர்கள் கடைசி இரண்டு வாரம் வெயிலில் தினமும் ஒரு மணி ஓட்டியே ஆக வேண்டும்.

கடைசி ஏற்றம் ஊருக்குள்ளேயே, பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஹைலண்ட் தெருவில். அதைத் தாண்டினால் காமர்ஷியல் தெருவில் முடிவுக்கோடு. நள்ளிரவிலும் அங்கே ஆட்கள் மணி அடித்துக்கொண்டு நிற்பார்கள். சரளைக்குப் பழகிய கை தார்ச்சாலைத் திருப்பத்தில் வேகத்தைத் தப்பாக எடைபோடும், பிரேக்கைச் சற்று முன்பே பிடியுங்கள். அன்றிரவு நீங்கள் கார் ஓட்ட வேண்டாம். மறுநாள் சைக்கிளைப் பெட்டியில் போடும் முன் டயரிலும் செருப்பிலும் ஒட்டியிருக்கும் மண்ணை முழுக்கக் கழுவிவிடுங்கள், மேய்ச்சல் நிலத்து மண்ணோடு வரும் சாமானைச் சுங்கத்தில் நிறுத்தி வைப்பார்கள். டயரைக் கையால் தடவி எத்தனை கீறல் என்று எண்ணிப் பாருங்கள். மூன்றுக்கு மேல் நூல் தெரிந்தால் அது பட்டறைச் சுவருக்குத்தான்.